புத்தகம் போடுவது யார் வேலை?

சென்ற மாதம் தேனிக்குப் பக்கத்தில் ஒரு தோழரின் வீட்டுக்குப் போயிருந்தோம். பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ராத்திரி ஷிப்டு பார்த்துப் பார்த்து, மிஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. ஒரு காலத்தில் சங்கக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர் அவர். ஓராண்டாக அவரைக் காணவில்லை. உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கத்தான் போனோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் வீட்டுப் பரணைக் காட்டினார். பரண் நிறையப் புத்தகக் கட்டுகள். அவரே எழுதி, அவரே பணம் போட்டு அச்சிட்ட புத்தகம். ஐந்நூறு பிரதிகளில் நானூறுக்கு மேல் அங்கேயே கிடக்கின்றன. ஓரத்தில் இருந்த கட்டை எலி கடித்திருந்தது.

“கூட்டத்துக்கு வந்தா, புத்தகத்தை வாங்கிட்டுக் காசு குடுக்காத தோழர்களெல்லாம் என் மூஞ்சியைப் பார்க்கக் கூச்சப்படுறாங்க தம்பி. அவங்களுக்கு எதுக்குச் சங்கடம்னு நான் வர்றதில்லை” என்றார்.

அந்தப் பட்டியலில் நாமும் உண்டு. அவருடைய புத்தக வெளியீட்டு விழாவுக்கு நாம்தான் தலைமை. பொன்னாடை போர்த்தினோம். பாட்டாளி வர்க்கமே பேனா பிடித்துவிட்டது என்று முக்கால் மணி நேரம் முழங்கினோம். பிறகு ஒரு பிரதியை இலவசமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அதன் பிறகு அந்தப் புத்தகம் என்னவாயிற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதைச் சுயவிமர்சனமாகவே இங்கே எழுதுகிறோம்.

அந்தத் தோழர் ஏமாந்த கதை சுருக்கமானது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனம், நோட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டால் டைப் செய்வது முதல் உலகம் பூராவும் விற்பது வரை எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். புத்தகம் வந்தது. அட்டையில் நம் ஆலை இல்லை; எந்தத் தேசத்துப் புகைபோக்கியோ புகை விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பாரம் இரண்டு தடவை தைக்கப்பட்டு, வேறொரு பாரம் காணாமல் போயிருந்தது. உலகம் பூராவும் விற்பது என்பதற்கு அர்த்தம், கம்ப்யூட்டரில் ஒரு கடையில் புத்தகத்தின் படம் தொங்கும் என்பதுதான். அச்சுக்குத் தயாரித்த பைலைக் கேட்டால், அது எங்கள் சொத்து என்றார்கள். எழுதியவருக்குக் கிடைத்தது கட்டுகளும் கடனும்.

இப்படிப்பட்ட நிறுவனங்களைத் திட்டித் தீர்த்துவிட்டால் பிரச்னை முடிந்ததா? முடியவில்லை. வேறு நல்ல அச்சகத்தில், சிவகாசியிலேயே கொடுத்துப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தாலும் அந்தக் கட்டுகள் பரணில்தான் ஏறியிருக்கும். ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 128 பக்கம், அதாவது பதினாறு பக்கப் பாரம் எட்டு. 500 பிரதி. டைப் செய்வது, அட்டை, காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்ந்து 35,000 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். விலை 100 ரூபாய். கைக்குக் கை விற்றால் 350 பிரதி போனதும் போட்ட பணம் வந்துவிடும். கடையில் கொடுத்தால்? கடைக்காரருக்கு நூற்றுக்கு 40 கழிவு என்று வைத்தால் நம் கைக்கு வருவது 60 ரூபாய். 500 பிரதியும் ஒன்று விடாமல் விற்றால்கூட வருவது 30,000. அதாவது புத்தகம் முழுவதும் விற்றுத் தீர்ந்தபின் 5,000 ரூபாய் நஷ்டம்! அப்படியானால் விலையை ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருக்கும் வாடகை உண்டு, கரண்டு பில் உண்டு.

இதற்கு மேல் வட்டி. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் 35,000-க்கு மாதம் 1,050 ரூபாய், வருஷத்துக்கு 12,600. புத்தகம் பரணில் தூங்குகிற ஒவ்வொரு மாதமும் வட்டி விழித்துக்கொண்டிருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்குப் புரியாத விஷயமல்ல. ஆனால் பேனா பிடித்தவுடன் அவன் தொழிலாளி என்பது அவனுக்கே மறந்துபோகிறது. தனி ஆளாக ஒரு சின்ன முதலாளி ஆகிறான். முதலும் அவனே, சரக்கும் அவனே, தலைச்சுமைக்காரனும் அவனே, கடன்காரனும் அவனே. தறியிலும் வயலிலும் கூட்டாக நின்று பேரம் பேசக் கற்றுக்கொண்ட மனிதன், புத்தகத்தில் மட்டும் ஒண்டியாக நிற்கிறான். நாமும் ஒதுங்கி நின்று கை தட்டுகிறோம்.

தனி ஆளாக நின்றவர்களில் எத்தனை பெரியவர்கள் விழுந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பாரதி 1920-ல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம்முடைய எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி போடுவது என்று திட்டம். ஆளுக்கு நூறு ரூபாய் கடனாகக் கொடுங்கள், ஸ்டாம்பு ஒட்டிய நோட்டு எழுதித் தருகிறேன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்று கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தம் புத்தகங்கள் போய்ச் சேரும் என்று அந்த மனிதர் நம்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். மறு ஆண்டு செல்லம்மாள்தான் ‘பாரதி ஆச்ரமம்’ என்று பெயர் வைத்துப் பாட்டுக்களை அச்சிட்டார். பாரதி சொன்ன தீப்பெட்டிக் கணக்கு தப்பில்லை. பின்னாளில் அது பலித்தது. வீட்டுக்கு வீடு கொண்டுபோக அன்று ஆட்கள்தான் இல்லை.

நம் பள்ளத்தாக்கிலேயே இன்னொருவர் உண்டு. சி.சு.செல்லப்பா என்று புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த முதல் எழுத்து ‘சி’ நம் சின்னமனூர்தான். 1912-ல் அங்கே பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற பத்திரிகையைத் தம் கைக்காசைப் போட்டுத் தொடங்கி, 1970 வரை இழுத்துக்கொண்டு போனார். அதோடு ‘எழுத்து பிரசுரம்’ என்று புத்தகமும் போட்டார். ஜல்லிக்கட்டைப் பற்றிய ‘வாடிவாசல்’ 1959-ல் அப்படி வந்ததுதான். புத்தகக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

அவர் நம் அணியில் நின்றவர் அல்ல. காந்தியவாதி. இலக்கியத்தில் உருவத்துக்கு முதலிடம் கொடுத்துப் பேசியவர். நம் இயக்கத்து எழுத்தாளர்கள் அந்தக் காலத்தில் அவரோடு கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்; அந்தச் சண்டையில் நியாயம் நம் பக்கம்தான் அதிகம் என்பது இன்றும் நம் அபிப்பிராயம். ஆனால் அந்தத் தோள் சுமையைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது. 85 வயதில், 1997-ல், ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலை மூன்று பாகமாகத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் இறந்தார். சாகித்ய அகாதமி பரிசு அந்த நாவலுக்கு 2001-ல் வந்தது. ‘வாடிவாசல்’ இன்று பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்கிறது, ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தோளில் சுமந்தவர் அதைப் பார்க்கவில்லை. ஆயிரம் வாசகர்களைக் கையில் வைத்திருந்த எந்த ஸ்தாபனமும் அவருக்குப் பின்னால் நிற்கவில்லை; நாமும் நிற்கவில்லை.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. சாதி பார்த்துக் குனிய வைத்த சமூகத்தில் பிறந்து, கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்து, நம் ஜீவானந்தத்தின் மீது கொண்ட பற்றால் ‘ஜீவா’ என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ என்ற மாசிகையைத் தொடங்கினார். சவரக் கடைதான் ஆபீசு. தாமே கட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி விற்றார். யுத்தம் வந்தது, ஊரை விட்டுக் கொழும்புக்குப் போக நேர்ந்தது, பத்திரிகை நிற்கவில்லை. நானூறு இதழ்களுக்கு மேல் வந்தது. 2021-ல் அவர் காலமானார். இவரும் தனி மனிதர்தானே என்று கேட்கலாம். இல்லை. அவர் விற்ற தெருவில் இருந்தவர்கள் அவரோடு ஊர்வலம் போனவர்கள், அவர் கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள், அவர் எழுத்தில் தங்கள் கதையைப் பார்த்தவர்கள். வாசகர் யார் என்பது அச்சுக்குப் போகுமுன்னே அவருக்குத் தெரியும்.

நாம் சொல்ல வந்தது இதுதான்: முதலில் வாசகர் பெயரை எழுத வேண்டும், பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும். இது புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்னதாகக் கையொப்பம் வாங்கித்தான் காரியத்தை நடத்தினார். அவருக்கு ஜமீன்தார்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நமக்கு ஜமீன்தார் இல்லை, சங்கம் இருக்கிறது. சந்தா ரசீது போட்டு மாதாமாதம் வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இந்த வேலை கஷ்டமா?

முன் கணக்கையே இப்போது வேறு மாதிரி போடுவோம். 100 ரூபாய்ப் புத்தகத்தை, முன்னதாகப் பெயர் எழுதியவருக்கு 80 ரூபாய் என்று வைப்போம். மாதம் 20 வீதம் நாலு மாதத் தவணை. சீட்டுக் கட்டத் தெரிந்த யாரும் கட்டலாம். 300 பேர் சேர்ந்தால் அச்சுக்குப் போகுமுன் 24,000 கையில். மிச்சம் 11,000-க்கு, 110 பிரதி முழு விலையில் விற்றால் போதும். இன்னும் 90 பிரதி இருக்கும். அதில் வருகிற 9,000 எழுதியவருக்கு. வட்டிக்காரன் வாசலில் நிற்கத் தேவையில்லை. 300 பேர் சேரவில்லையா? அப்போது 300 பிரதிக்குக் குறைத்துப் போடு, அல்லது பொறு. பெயர் சேராத புத்தகம் அச்சுக்குப் போகாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியமும் நமக்கு வேண்டும். பொன்னாடை போர்த்துவதைவிட அது நாணயமான வேலை.

தவணை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மார்க்சின் ‘மூலதனம்’ முதல் பாகம் 1867-ல் ஆயிரம் பிரதி அச்சாயிற்று. விற்றுத் தீர நாலு ஆண்டுக்கு மேல் பிடித்தது. பிரெஞ்சில் வந்தபோது, 1872 முதல் 1875 வரை, அதைச் சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டார்கள். அப்படி வந்தால் தொழிலாளிகள் கைக்கு எளிதில் எட்டும் என்று மார்க்சே அந்த யோசனையை வரவேற்றார். ‘மூலதனத்தை’யே துண்டு போட்டு விற்கலாம் என்றால், நம் புத்தகத்தை முப்பத்திரண்டு பக்கச் சிறு பிரசுரங்களாகப் போடுவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கட்சி ஊழியன் புத்தக வியாபாரியா என்பார்கள். பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலை ஏறித் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடினாரே, அவர் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசியல் வேலையா, கச்சேரி வியாபாரமா? பாட்டைச் சுமக்கலாம், புத்தகத்தைச் சுமக்கக் கூடாதா?

இன்னொரு பழக்கத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். சோவியத் நூல்கள் மலிவாகக் கிடைத்த காலத்தை மூத்த தோழர்கள் இன்றும் ஆசையோடு சொல்வார்கள். 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்தது. கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தொ.மு.சி.ரகுநாதன் மொழிபெயர்ப்பில் படித்துக் கட்சிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த மலிவுக்குப் பின்னால் ஒரு தொழிலாளி அரசின் கஜானா இருந்தது. 1991-ல் அந்த அரசு போயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை. நல்ல தாள், கெட்டி அட்டை, ஆனால் விலை மட்டும் டீக்காசுக்கு வேண்டும்; தோழர் எழுதியது என்றால் சும்மா வேண்டும்! அச்சான புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை என்பது உண்மை. அதற்கு வாங்கும் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் வரி உண்டு. அதை இன்று நம் தோழர்தான் சட்டைப் பையிலிருந்து கட்டுகிறார்.

போனில் போட்டுவிட்டால் செலவே இல்லையே என்கிறார்கள் இளைஞர்கள். போடலாம். புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்லவும், பணம் வாங்கவும் போனைப் போல் சௌகரியம் வேறில்லை. ஆனால் வாட்ஸப்பில் வந்த நூறு பக்கத்தை ஏலத் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில், பத்துப் பேர் மடியில் மடி இடிக்கும் நெருக்கத்தில் யார் படித்தார்கள்? அடுத்த வாரம் கேட்டால், மெமரி நிறைந்துவிட்டது, அழித்துவிட்டேன் என்கிறார்கள்.

ஜீப் என்று சும்மா சொல்லவில்லை. கூடலூர்ப் பக்கத்திலிருந்து கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு விடியுமுன் போய் இருட்டியபின் திரும்பும் ஒரு அம்மாவின் நோட்டுகள் இரண்டு இப்போது நம் அலுவலகத்தில் இருக்கின்றன. மகளின் பள்ளிக்கூட நோட்டில், மீந்த பக்கங்களில் எழுதியது. எந்தக் கங்காணி எப்படி ஆள் எண்ணினான், கவாத்துக்கு எவ்வளவு கூலி, பறிப்புக்கு எவ்வளவு, ஜீப் கவிழ்ந்த அன்றைக்கு யார் யார் உள்ளே இருந்தார்கள், அட்டைக் கடிக்கு என்ன பூசினார்கள், நடுவே காடு ஏறும்போது பாடுகிற பாட்டு. நாம் பல வருஷமாகப் போடும் துண்டறிக்கைகளில் இல்லாத விஷயம் அந்த இரண்டு நோட்டில் இருக்கிறது.

அதை அச்சிடலாமா என்று கேட்டோம். அந்த அம்மா திருப்பிக் கேட்டது இரண்டே கேள்வி. “என் பேரு போடுவீங்களா, சங்கத்துப் பேரு போடுவீங்களா? என் பேருக்குக் கடன் வருமா?”

இரண்டுக்கும் கிளைக் கூட்டத்தில் பதில் முடிவு செய்தோம். எழுத்து அவருடையது. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அவர் பெயர்தான் அட்டையில் வரும். வெளியிடும் பொறுப்பு நம்முடையது. கடன் வந்தால் அதுவும் நம்முடையது. அச்சுக்குத் தயாரான பைல் ஒரு பிரதி அவர் மகளிடம் இருக்கும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மத்திய அரசு காசு வாங்குவதில்லை. அதற்கென்று தனியாகப் பணம் பிடுங்குகிறவர்களிடம் போக வேண்டியதில்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் பம்பாய், டில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்புவோம். ஏலத் தோட்டத்துக் கூலிக் கணக்கு கன்னிமாரா அலமாரியில் இருக்கட்டும். நூலக ஆணையை நம்பி மட்டும் ஒரு பிரதிகூட அதிகமாக அச்சிடப் போவதில்லை. வந்தால் வரட்டும்.

புரூப் பார்க்கும் வேலையைச் சென்ற வாரம் தொடங்கினோம். ஒருவர் நோட்டை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுத் தாளைப் பார்ப்பது. டைப் செய்த பையன் மரியாதைக்காக அம்மாவின் பேச்சையெல்லாம் பாடப்புத்தகத் தமிழாக மாற்றியிருந்தான். ‘போட்டுப் பாத்தேன் பத்தல’ என்று இருந்தது ‘கணக்கிட்டுப் பார்த்தபோது போதுமானதாக இல்லை’ என்று ஆகியிருந்தது. அந்த அம்மா கேட்டுவிட்டு, “இது யாரு பேசுறது?” என்றார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டோம். பத்து நாள் தாமதமாகும். ஆகட்டும்.

வெளியிடும் காலத்தையும் யோசித்திருக்கிறோம். ஆடி மாதத்தில் யார் கையில் காசு இருக்கிறது? தீபாவளிக்கு முன் போனஸ் வாரத்தில் ஆலை வாசலில் ஒரு மேஜை. (தற்காலிகத் தொழிலாளி என்று முத்திரை குத்தி போனஸே தராத ஆலைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) முதல் போக அறுப்பு முடிந்ததும் உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமங்கள். அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. பலூன் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஒரு புத்தகக் கடை இருந்தால் கௌமாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். விழா உண்டு, பொன்னாடை கிடையாது. மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் காசு கொடுத்துப் பிரதி வாங்கிவிட்டுத்தான் பேச வேண்டும். இந்தத் தீர்மானத்தை நாமே முன்மொழிந்தோம்.

பரணில் கிடந்த கட்டுகளையும் இறக்கியிருக்கிறோம். விட்டுப்போன பாரத்தை மட்டும் தனியாக அச்சடித்து உள்ளே செருகி, கிளைக்கு இருபது பிரதி என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. நாம் தர வேண்டிய பாக்கியை முதலில் கொடுத்தோம். அந்தத் தோழர் வாங்க மறுத்தார். அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார்.

இரண்டு நோட்டுப் புத்தகத்துக்குப் பெயர் எழுதும் ரசீதுக் கட்டுகள் எல்லாக் கிளைகளுக்கும் போயிருக்கின்றன. மாதம் 20 ரூபாய், நாலு மாதம். இதை எழுதும் நேரத்தில் கூடலூரில் 71 பெயர், சின்னமனூரில் 46, ஆண்டிபட்டியில் 38. அந்தத் தோழர் வேலை பார்த்த ஆலையில் மட்டும் 29. அவரே கூட்டத்துக்கு வந்து ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனார். போடியிலிருந்து இன்னும் ஒரு பெயரும் வரவில்லை.